லத்தீன் வேரிலிருந்து புது ஆங்கிலச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் புதுச் சொல் உண்டாக்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. லத்தீன் வேர்களோடு, லத்தீனிலிருந்து பிறந்த பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ் ஆகிய மொழிகளின் சொற்களும் இதில் வரும்.

ஆங்கிலத்தில் இல்லாத சொல்லை நானே உண்டாக்கலாமா? யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா?

வேண்டாம். பிரெஞ்சு மொழிக்கு 1635 முதல் ஓர் அகாடமி இருக்கிறது. எது சரியான சொல் என்று அது கருத்துச் சொல்லும். ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு பீடம் அமையவே இல்லை. அதனால் தனி ஆட்கள் மேசையில் உட்கார்ந்து செய்த சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளம். ‘எலெக்ட்ரிசிட்டி’ 1646ல் தாமஸ் பிரவுன் என்ற மருத்துவரின் எழுத்தில் வருகிறது. எதிர்பாராமல் நல்லது கிட்டுவதைக் குறிக்கும் ‘செரண்டிபிட்டி’ 1754ல் ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் ஒரு கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய சொல். அதில் பாதி இலங்கையின் பழைய பெயரான செரண்டிப். மிச்சம் லத்தீன் வால். வேர் எங்கிருந்து வந்தாலும் ‘இட்டி’ என்ற அந்த வாலை ஒட்டினால் பண்புப்பெயர் ஆகிவிடுகிறது பாருங்கள். ஆங்கிலத்தில் லத்தீன் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஆங்கிலம் ஜெர்மானிய மொழிதானே? ஏன் லத்தீன் வேரைத் தேடிப் போக வேண்டும்?

அடிப்படை இலக்கணமும் அன்றாடச் சொற்களும் ஜெர்மானியம்தான். ஆனால் 1066ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு உட்கார்ந்தது. திருச்சபையிலும் பல்கலைக்கழகத்திலும் லத்தீன் ஏற்கெனவே இருந்தது. மறுமலர்ச்சிக் காலத்தில் அறிஞர்கள் லத்தீனிலிருந்து கூடை கூடையாக அள்ளி வந்தார்கள். இன்று ஆங்கில அகராதியில் பாதிக்கும் மேற்பட்ட சொற்கள் நேராக லத்தீனிலிருந்தோ பிரெஞ்சு வழியாகவோ வந்தவை.

இதனால் ஒரே கருத்துக்கு மூன்று அடுக்கில் சொல் கிடைக்கிறது. கேட்பதற்கு ‘ஆஸ்க்’ என்றால் வீட்டுப் பேச்சு. ‘க்வெஸ்சன்’ பிரெஞ்சு வழி வந்தது, கொஞ்சம் சம்பிரதாயம். ‘இன்டெராகேட்’ நேர் லத்தீன், அதில் போலீஸ் நெடி அடிக்கிறது. அரசனைக் குறிக்கும் ‘கிங்லி, ராயல், ரீகல்’ மூன்றும் இப்படித்தான். நீங்கள் லத்தீன் வேரை எடுத்தால் உங்கள் சொல் தானாகவே மூன்றாம் அடுக்கில் போய் நிற்கும். அறிவியல், சட்டம், கேலி ஆகிய மூன்றுக்கும் அது பொருந்தும். குழந்தைக்குச் சொல்லும் கதையில் உறுத்தும்.

இதை யாரும் எதிர்க்கவில்லையா?

நன்றாகவே எதிர்த்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் இப்படி வந்த சொற்களுக்கு ‘இங்க்ஹார்ன்’ சொற்கள் என்று கேலிப்பெயர் இருந்தது. மை வைக்கும் கொம்புக் குப்பியின் பெயர் அது. அதாவது மையை வீணாக்கும் படாடோபம் என்று பொருள். கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜான் சீக் 1557ல் எழுதிய கடிதத்தில், ஆங்கிலம் பிற மொழிக் கலப்பில்லாமல் தூய்மையாக எழுதப்பட வேண்டும் என்றார். சும்மா சொல்லிவிட்டுப் போகவும் இல்லை, செய்தும் பார்த்தார். பைத்தியத்தைக் குறிக்கும் ‘லூனடிக்’ லத்தீன் நிலவிலிருந்து வந்தது என்பதால், அதற்குப் பதில் ஆங்கில நிலவை வைத்து ‘மூன்ட்’ என்றார். நூறு வீரர் தலைவனான ‘சென்சூரியன்’ அவர் கையில் ‘ஹன்ட்ரெடர்’ ஆனான்.

முந்நூறு ஆண்டு கழித்து வில்லியம் பார்ன்ஸ் என்ற இங்கிலாந்தின் டோர்செட் வட்டாரக் கவிஞர் இதே கொடியைத் தூக்கினார். குழந்தையை வைத்துத் தள்ளும் ‘பெராம்புலேட்டர்’ வண்டிக்கு அவர் வைத்த பெயர் ‘புஷ்-வெய்ன்லிங்’. இலக்கணத்துக்கு ‘ஸ்பீச்கிராஃப்ட்’. தனித்தமிழ் விவாதங்களைக் கண்டவர்களுக்கு இந்த மனநிலை புதிதாக இருக்காது. ஆனால் பார்ன்ஸ் ஜெயிக்கவில்லை. எனக்கு ‘ஸ்பீச்கிராஃப்ட்’ பிடிக்கும். ‘புஷ்-வெய்ன்லிங்’ தோற்றதில் வருத்தமில்லை.

அதற்காக லத்தீன் கட்சி போட்ட எல்லாச் சொல்லும் நிலைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தடுப்பதற்கு ‘இம்பீட்’ நின்றது. அதன் எதிர்ச்சொல்லான ‘எக்ஸ்பீட்’ செத்துப்போனது. ‘இன்ஹிபிட்’ இருக்கிறது, ‘கோஹிபிட்’ இல்லை. சிறந்த என்ற பொருளில் வந்த ‘எக்ஸிமியஸ்’ போன இடம் தெரியவில்லை. ஒரே தொழிற்சாலை, ஒரே அச்சு. ஒன்று வாழ்ந்தது, இன்னொன்று வாழவில்லை. இலக்கண சுத்தம் ஒரு சொல்லைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

லத்தீன் படிக்காமல் இதைச் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் லத்தீன் அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் படும் வடிவத்தை எடுக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள்.

பெயர்ச்சொல்லில் இருந்து தொடங்குவோம். அரசன் லத்தீனில் ‘ரெக்ஸ்’. ஆனால் வேற்றுமை ஏறும்போது ‘ரேகிஸ்’ என்று மாறுகிறது. ஆங்கிலம் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது வடிவத்தின் அடியை: அதனால்தான் ‘ரீகல்’, ‘ரெக்ஸல்’ அல்ல. காலம் ‘டெம்புஸ்’, அதன் வேற்றுமை அடி ‘டெம்போர்’. எனவே ‘டெம்பொரல்’, ‘டெம்பொரரி’. உடல் ‘கார்புஸ்’, அடி ‘கார்போர்’, எனவே ‘கார்ப்பொரேட்’. இரவு ‘நாக்ஸ்’, அடி ‘நாக்ட்’, எனவே ‘நாக்டர்னல்’. தமிழில் ‘மரம்’ என்பது ‘மரத்தை’ ஆகும்போது நடுவில் ‘அத்து’ முளைப்பதைப் போல, லத்தீனிலும் உருபு ஏறும்போதுதான் உண்மையான அடி தெரியும். நல்ல லத்தீன் அகராதி எழுவாய் வடிவத்துக்குப் பக்கத்திலேயே ஆறாம் வேற்றுமை வடிவத்தையும் தந்திருக்கும். அந்த இரண்டாவதைப் பாருங்கள்.

வினைச்சொல்லுக்கு அகராதி நான்கு வடிவம் தரும். எழுதுவதற்கு ‘ஸ்க்ரீபோ, ஸ்க்ரீபெரே, ஸ்க்ரிப்சி, ஸ்க்ரிப்டும்’. இதில் இரண்டாவதிலிருந்து ‘ஸ்க்ரைப், டிஸ்க்ரைப்’ வகையும், நான்காவதிலிருந்து ‘ஸ்க்ரிப்ட், டிஸ்க்ரிப்ஷன்’ வகையும் வருகின்றன. ‘அகெரே’ தந்தது ‘ஏஜென்ட்’, ‘ஆக்டும்’ தந்தது ‘ஆக்‌ஷன்’. பொதுவாகச் சொன்னால், ‘ஷன்’, ‘டர்’, ‘டிவ்’ என்று முடிகிற சொல் வேண்டுமானால் நான்காவது வடிவத்தைப் பிடியுங்கள். ‘என்ட்’ என்று முடிய வேண்டுமானால் இரண்டாவது.

இன்னொரு தொல்லை உண்டு. முன்னொட்டு சேர்ந்ததும் சில வினைகளின் உயிரெழுத்து மெலிந்துவிடும். செய்வதற்கு ‘ஃபக்டும்’, அதிலிருந்து ‘ஃபேக்ட்’. முன்னால் ‘பெர்’ சேர்ந்தால் ‘பெர்ஃபெக்ட்’, ‘பெர்ஃபேக்ட்’ இல்லை. எடுப்பதற்கு ‘கபெரே’, ‘ரெ’ சேர்ந்தால் ‘ரிசெப்ஷன்’. இதையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருக்கும் உறவுக்காரச் சொற்களைப் பத்துப் பதினைந்து எழுதி வைத்துக்கொண்டு, அவை எப்படி வளைந்திருக்கின்றனவோ அப்படியே வளைத்தால் போதும். என்னைக் கேட்டால், லத்தீன் அகராதியைவிட ஆங்கில அகராதிதான் இந்த வேலைக்கு முக்கியமான கருவி.

முன்னொட்டுகளில் கவனிக்க வேண்டியது என்ன?

புணர்ச்சி விதி தமிழுக்கு மட்டும் சொந்தமில்லை. ‘இன்’ என்ற முன்னொட்டு அடுத்து வரும் எழுத்தைப் பார்த்து உருமாறும்: ‘இம்பாசிபிள்’, ‘இல்லீகல்’, ‘இர்ரெகுலர்’. ‘கான்’ என்பது ‘காம், கால், கார்’ என்று மாறும். ‘அட்’ இன்னும் மோசம், அடுத்த மெய்யில் கரைந்து அது இரட்டித்து நிற்கும். பல்லும் பொடியும் சேர்ந்து பற்பொடி ஆவதை ஏற்றுக்கொண்டவர்களுக்கு இதில் சிரமம் இருக்காது.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. லத்தீனில் ‘இன்’ இரண்டு உண்டு. ஒன்று எதிர்மறை, மற்றொன்று ‘உள்ளே’ என்ற பொருள் தருவது. ‘இன்ஃப்ளேமபிள்’ என்ற சொல்லில் இருப்பது இரண்டாவது. அதாவது எளிதில் தீப்பிடிக்கும் என்று பொருள். ஆனால் ஆங்கிலம் படித்த சாதாரண ஆள் அதைத் தீப்பிடிக்காதது என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? எரிபொருள் லாரியின் பின்னால் அந்தச் சொல் இருந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தீப்பாதுகாப்பு நிபுணர்கள் ‘ஃப்ளேமபிள்’ என்ற சொல்லைத் தூக்கிப் பிடித்தார்கள். லத்தீன் படி பழைய சொல்லில் ஒரு தவறும் இல்லை. தவறாகப் படிக்க இடம் கொடுத்ததுதான் அதன் குற்றம். உங்கள் சொல்லில் ‘இன்’ வந்தால் இரண்டு முறை யோசியுங்கள்.

பின்னொட்டுகள்?

‘ஏபிள்’ உயிருள்ள ஒட்டு. எந்த ஆங்கில வினையோடும் சேரும்; ‘டிரிங்கபிள்’ என்பதில் வினை ஜெர்மானியம், ஒட்டு லத்தீன், யாருக்கும் உறுத்துவதில்லை. ‘இபிள்’ அப்படியில்லை. ‘விசிபிள்’, ‘ஆடிபிள்’ என்று லத்தீன் வினைகளோடு வந்தவற்றில் மட்டும் அது உறைந்து கிடக்கிறது. சந்தேகமாக இருந்தால் ‘ஏபிள்’ போடுங்கள்.

‘அல்’, ‘ஆர்’ பற்றி ஓர் அழகான விதி இருக்கிறது. லத்தீன்காரர்களுக்கு ஒரே சொல்லில் இரண்டு ல-ஒலி அடுத்தடுத்து வருவது பிடிக்கவில்லை. அதனால் வேரில் ‘ல்’ இருந்தால் ‘அல்’ என்பது ‘ஆர்’ ஆகிவிடும். ‘நேச்சுரல்’, ‘மார்ட்டல்’, ‘ரீகல்’ ஒரு பக்கம். ‘சோலார்’, ‘லூனார்’, ‘போலார்’, ‘பாப்புலர்’ மறுபக்கம். நடுவில் ஒரு ‘ர்’ வந்துவிட்டால் பழையபடி ‘அல்’: ‘ஃப்ளோரல்’, ‘ப்ளூரல்’. ‘லோக்கல்’, ‘லீகல்’ போன்ற விதிவிலக்குகளும் உண்டு. ஆனாலும் இந்த விதியைப் பின்பற்றிய சொல் காதுக்கு உடனே ‘நிஜ’ சொல்லாகப் படும்.

அப்புறம் அழுத்தம். ‘இட்டி’, ‘இக்’, ‘ஷன்’ மூன்றும் சொல்லின் அழுத்தத்தைத் தங்களுக்கு முந்தைய அசைக்கு இழுத்துவிடும். சில சமயம் மெய்யெழுத்தும் மாறும்: ‘எலெக்ட்ரிக்’கில் இருந்த ‘க்’, ‘எலெக்ட்ரிசிட்டி’யில் ‘ச’ ஆகிறது; ‘ஒபேக்’ என்பது ‘ஒபாசிட்டி’ ஆகிறது. சொல்லை எழுதியதோடு விடாமல் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

நேராக லத்தீனிலிருந்து எடுப்பதா, பிரெஞ்சு, இத்தாலியன் வழியாக எடுப்பதா? என்ன வித்தியாசம்?

ஒரே லத்தீன் சொல் இரண்டு வழியில் ஆங்கிலத்துக்கு வந்திருப்பதைப் பார்த்தால் புரியும். ‘ஃப்ரஜைல்’ நேர் லத்தீன். அதே சொல் பிரெஞ்சுக்காரர்களின் வாயில் தேய்ந்து வந்தது ‘ஃப்ரெயில்’. ‘லீகல்’, ‘லாயல்’ இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ‘செக்யூர்’, ‘ஷ்யூர்’ அப்படியே. பொருட்களுக்குப் பார்சலில் ஒட்டுவது ‘ஃப்ரஜைல்’. பாட்டிக்குச் சொல்வது ‘ஃப்ரெயில்’. நேர் லத்தீன் விறைப்பாக இருக்கும், பிரெஞ்சு வழி வந்தது மனிதர்களுக்கு நெருக்கமாக இருக்கும்.

இத்தாலியன் இசை, உணவு, சின்னஞ்சிறு பொருள்கள் பக்கம் சாயும். என்னுடைய விருப்பமான உதாரணம் ‘நியூட்ரினோ’. 1930ல் இயற்பியலாளர் வோல்ஃப்காங் பவுலி ஒரு புதுத் துகளை ஊகித்து அதை ‘நியூட்ரான்’ என்றுதான் அழைத்தார். 1932ல் ஜேம்ஸ் சாட்விக் வேறொரு கனமான துகளைக் கண்டுபிடிக்க, அந்தப் பெயர் அதற்குப் போய்விட்டது. இத்தாலியனில் ‘ஓனே’ என்ற ஈறு பெரியதைக் குறிக்கும்; ‘நெயுத்ரோனே’ என்றால் பெரிய நடுநிலைத் துகள் என்பது போல ஒலிக்கும். அப்படியானால் பவுலியின் சின்னத் துகளுக்கு ‘இனோ’ போட்டால் ஆயிற்று! இத்தாலிய இயற்பியலாளர் எதுவார்தோ அமால்தி வேடிக்கையாகச் சொன்ன அந்தப் பெயரை அவருடைய சகா என்ரிக்கோ ஃபெர்மி பரப்பினார். உலகத்தின் எந்த இயற்பியல் புத்தகத்திலும் இன்று அதுதான் இருக்கிறது.

பிரெஞ்சிலிருந்து இரண்டு பொருட்பெயரைப் பாதிப் பாதி வெட்டி ஒட்டிய கதை ‘வெல்க்ரோ’. வெல்வெட்டுக்கு ‘வெலூர்’, கொக்கிக்கு ‘க்ரோஷே’. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் தெ மெஸ்த்ரால் கண்டுபிடித்த ஒட்டுப்பட்டையின் ஒரு பக்கம் பஞ்சு, மறுபக்கம் கொக்கி, பெயரும் அப்படியே. ஸ்பானிஷ் தந்த ‘எரியா’ என்ற ஈறு ‘கஃபெட்டீரியா’வோடு அமெரிக்காவில் பரவியது. ‘இஸ்டா’ என்ற ஈறு ‘ஃபேஷனிஸ்டா’ போன்ற அரைக்கேலிச் சொற்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிரேக்கத்தையும் லத்தீனையும் கலக்கலாமா?

கலக்கக் கூடாது என்று பண்டிதர்கள் நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். ‘டெலிவிஷன்’ பாதி கிரேக்கம், பாதி லத்தீன், ‘ஆட்டோமொபைல்’ அப்படியே, ‘சோஷியாலஜி’யும் அதே கலப்பு. சட்ட அறிஞர் ரஃபேல் லெம்கின் 1944ல் தந்த ‘ஜெனோசைட்’ (இனப்படுகொலை), இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் கொலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லையும் சேர்த்தது. இவற்றில் எதையாவது கலப்படம் என்று யாராவது இன்று ஒதுக்குகிறார்களா? கலக்கலாம், தாராளமாக.

வேரைத் தப்பாக வெட்டினால் சொல் செல்லாதா?

செல்லும். இது தெரிந்தால் பயம் போய்விடும். தப்பாக வெட்டிய சொற்களில்தான் ஆங்கிலம் பாதி நாளை ஓட்டுகிறது.

‘பஸ்’ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1820களில் பிரான்சின் நான்ட் நகரில் எல்லோரும் ஏறிப்போகும் குதிரை வண்டிக்கு ‘ஆம்னிபஸ்’ என்று பெயர் வந்தது. லத்தீனில் ‘ஆம்னி’ என்பது ‘எல்லா’ என்ற அடி. ‘புஸ்’ என்பது பன்மையில் வரும் நான்காம் வேற்றுமை உருபு. ‘எல்லோருக்கும்’ என்பது மொத்தப் பொருள். ஆங்கிலேயர் முன்பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு உருபை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நாமும் தினமும் ஏறி இறங்குவது ஒரு ‘-களுக்கு’வில்தான்!

நிறைவேற்றுவதை, குறிப்பாக மரண தண்டனையை நிறைவேற்றுவதைக் குறிக்கும் ‘எக்ஸிக்யூட்’ என்பது ‘எக்ஸ்’ என்ற முன்னொட்டும் பின்தொடர்தலைக் குறிக்கும் ‘செக்வி’ என்ற வினையும் சேர்ந்தது. 1889ல் அமெரிக்காவில் மின்சாரத்தால் மரண தண்டனை வந்தபோது அதன் வாலை மட்டும் வெட்டி ‘எலெக்ட்ரோக்யூட்’ செய்தார்கள். ‘க்யூட்’ என்பதற்கு லத்தீனில் எந்தப் பொருளும் இல்லை, அது உடைந்த ஓடு. அதே ‘செக்வி’யிலிருந்து வந்த ‘சீக்வல்’ பின்னாளில் உடைபட்டு ‘ப்ரீக்வல்’ பிறந்தது. குதிரை ஊர்வலமான ‘கேவல்கேட்’ உடைந்து ‘மோட்டார்கேட்’ ஆனது.

‘மினி’ இன்னும் சுவாரசியம். எல்லோரும் அது ‘மினிமம்’ வேரிலிருந்து வந்ததாக நினைப்பார்கள். ஆனால் அதன் மூலமான ‘மினியேச்சர்’ இத்தாலியன் சொல். ‘மினியம்’ என்ற செந்தூரச் சாயத்தால் கையெழுத்துப் பிரதிகளை அலங்கரிப்பதைக் குறித்தது. அந்தப் படங்கள் சின்னதாக இருந்ததாலும் ‘மினிமம்’ ஒலி பக்கத்தில் இருந்ததாலும் பொருள் மாறிவிட்டது. ஆக, மினி ஸ்கர்ட்டின் மூதாதை ஒரு சிவப்பு மை.

சரி, ஒரு சொல்லை முதலிலிருந்து உருவாக்கிக் காட்ட முடியுமா?

பார்ப்போம். கதைப் புத்தகத்தை வாங்கியதும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடும் ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

படிப்பதற்கு லத்தீனில் ‘லெகெரே’, நான்காவது வடிவம் ‘லெக்டும்’. பின்பக்கம் என்பதற்கு ‘ரெட்ரோ’. சேர்த்தால் அந்தப் பழக்கம் ‘ரெட்ரோலெக்‌ஷன்’. விதிப்படி மிகச் சரி. ஆனால் ஆங்கிலத்தில் ‘லெக்‌ஷன்’ வரும் சொற்களை எழுதிப் பாருங்கள்: ‘எலெக்‌ஷன்’, ‘செலெக்‌ஷன்’, ‘கலெக்‌ஷன்’. எல்லாமே தேர்ந்தெடுப்பதும் சேகரிப்பதும். ஏனென்றால் ‘லெகெரே’ என்ற அந்த வினைக்குச் சேர்ப்பது, தேர்வது, படிப்பது மூன்று பொருளும் உண்டு. கேட்கிறவர் மனத்தில் இடைத்தேர்தல் மாதிரி ஏதோ ஒன்றுதான் தோன்றும். போதாததற்கு ‘ரெட்ரோ’ இன்று பழைய பாணி உடையையும் பாட்டையும் குறிக்கிறது. இரண்டு பாகமும் சரி, மொத்தம் தவறு.

அடுத்து ‘முடிவு’. லத்தீனில் ‘ஃபினிஸ்’, ஆங்கிலத்தில் ‘ஃபைனல்’, ‘ஃபினிஷ்’, ‘ஃபைனைட்’ என்று உறவினர் கூட்டமே இருக்கிறது. லத்தீன் கூட்டுச்சொல்லில் இரண்டு அடிக்கு நடுவே ‘இ’ வரும் என்பதால் ‘ஃபினி’. இதனோடு படிப்பவர் என்று ‘லெக்டர்’ சேர்த்தால் ‘ஃபினிலெக்டர்’. பரவாயில்லை, ஆனால் உயிரில்லை. ‘லெக்டர்’ எத்தனை பேருக்குத் தெரியும்?

படிப்பதை விட்டுவிட்டு, அந்த ஆள் உண்மையில் என்ன செய்கிறார் என்று யோசித்தேன். முடிவை விழுங்குகிறார். விழுங்குவதற்கு ‘வோராரே’. ‘கார்னிவோர்’, ‘ஹெர்பிவோர்’, ‘ஆம்னிவோர்’ பள்ளிக்கூடத்திலேயே தெரிந்தவை. உள்ளூர் விளைச்சலை மட்டும் சாப்பிடுபவருக்கு 2005ல் உண்டான ‘லோகவோர்’ 2007ல் அமெரிக்க ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆண்டுச் சொல்லாகவும் ஆனது. ஆகவே ‘ஃபினிவோர்’. பெயரடை ‘ஃபினிவரஸ்’, ‘கார்னிவரஸ்’ போலவே அழுத்தம் விழும். முதல் முறை கேட்கிறவருக்கும் பாதி புரியும், மீதியை வாக்கியம் சொல்லிவிடும்.

முதல் முயற்சி லத்தீனுக்கு விசுவாசமாக இருந்தது. மூன்றாவது ஆங்கிலம் பேசுகிறவரின் நினைவுக்கு விசுவாசமாக இருக்கிறது. நான் எப்போதும் மூன்றாவதன் பக்கம்.

வேடிக்கைக்காகச் செய்யலாமா?

வேடிக்கைச் சொற்கள் சில சமயம் சீரியஸ் சொற்களைவிட நீண்ட ஆயுள் பெறுகின்றன. 1830களில் அமெரிக்காவில் லத்தீன் மாதிரி ஒலிக்கும் போலிச் சொற்கள் ஒரு மோகமாக இருந்தன. சத்தமில்லாமல் இடத்தைக் காலி செய்வதற்கு ‘ஆப்ஸ்க்வாச்சுலேட்’: தலையில் லத்தீன் ‘அப்’, நடுவில் குந்துவதைக் குறிக்கும் ‘ஸ்க்வாட்’, பின்னால் லத்தீன் வால். குழம்பிப் போவதற்கு ‘டிஸ்கம்பாபுலேட்’. இது இன்றும் வழக்கில் இருக்கிறது.

அகராதிக்காரர்களே ஒரு முறை இந்த விளையாட்டை ஆடினார்கள். 2001ல் வந்த நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்கன் அகராதியில் ‘எஸ்க்விவேலியன்ஸ்’ என்று ஒரு சொல் இருந்தது. நழுவுவதைக் குறிக்கும் பிரெஞ்சு ‘எஸ்கிவே’ என்ற வினையிலிருந்து வந்திருக்கலாம் என்ற குறிப்பும், பொறுப்பை வேண்டுமென்றே தட்டிக்கழிப்பது என்ற பொருளும் அதில் இருந்தன. அப்படி ஒரு சொல்லே கிடையாது. யாராவது அகராதியைத் திருடி நகலெடுத்தால் கண்டுபிடிக்க வைத்த பொறி அது. 2005ல் குட்டு வெளிப்பட்டது. பொறியாக வைத்த சொல் இவ்வளவு பொருத்தமாக இருந்ததால், தெரிந்தே அதைப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

நிறுவனத்துக்கோ பொருளுக்கோ பெயர் வைக்க லத்தீன் உதவுமா?

நிறைய உதவியிருக்கிறது. ‘வோல்வோ’ என்றால் லத்தீனில் ‘நான் உருள்கிறேன்’. ‘நிவியா’ பனிபோல வெண்மையானது. ‘ஆடி’ கார் சுவையான கதை: நிறுவனர் ஆகஸ்ட் ஹார்ஷின் குடும்பப் பெயருக்கு ஜெர்மனில் ‘கேள்’ என்று பொருள். சொந்தப் பெயரை வைக்கமுடியாத சட்டச் சிக்கல் வந்தபோது அதையே லத்தீனில் போட்டார்கள். சொல்லுக்குப் பதிப்புரிமை பொதுவாகக் கிடைக்காது, வணிகமுத்திரை கிடைக்கலாம். முடிவு செய்யும் முன் வேறு யாராவது பதிவு செய்திருக்கிறார்களா என்று பார்த்துவிடவும்.

என் சொல் நிலைக்குமா, அகராதியில் சேருமா?

அகராதிக்கு விண்ணப்பம் போட்டுப் பயனில்லை. பலர், பல இடங்களில், விளக்கம் சொல்லாமலேயே ஒரு சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கினால் தொகுப்பாளர்கள் அதைக் கவனித்துச் சேர்ப்பார்கள்.

எவ்வளவு காலம் ஆகும் என்பது தேவையைப் பொறுத்தது. லெம்கினின் ‘ஜெனோசைட்’ 1944ல் அச்சேறியது, 1948ல் ஐ.நா. உடன்படிக்கையின் தலைப்பிலேயே வந்துவிட்டது. உலகம் அப்போது அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தது. ‘சயின்டிஸ்ட்’ கதை நேர்மாறு. 1833ல் கேம்பிரிட்ஜில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில், இந்த ஆய்வாளர்கள் தங்களைத் தத்துவஞானிகள் என்று அழைத்துக்கொள்வதைக் கவிஞர் கோல்ரிட்ஜ் ஆட்சேபித்தார். அப்போது கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹ்யூவெல், ‘ஆர்ட்டிஸ்ட்’ இருக்கும்போது ‘சயின்டிஸ்ட்’ ஏன் கூடாது என்றார். அவையில் யாருக்கும் பிடிக்கவில்லை. அறுபது ஆண்டு கழித்து, 1894லும் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி, அந்தச் சொல் ‘எலெக்ட்ரோக்யூஷன்’ அளவுக்குத்தான் இனிமையானது என்று நக்கலடித்தார். இன்று இரண்டுமே நிலைத்துவிட்டன.

முதல் வருடமே யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். அதே நேரம், அந்தக் கருத்தைச் சொல்ல ஏற்கெனவே ஒரு சின்னச் சொல் இருந்தால் உங்கள் லத்தீன் சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெல்லாது.

பன்மைக்கு லத்தீன் ஈறு போட வேண்டுமா?

வேண்டாம், ‘எஸ்’ போதும். லத்தீன் பன்மை போடப் போய் மாட்டிக்கொள்வதுதான் அதிகம். ‘அஸ்’ என்று முடிவதெல்லாம் ‘ஐ’ என்று மாறாது. ‘ஆக்டோபஸ்’ கிரேக்கச் சொல், ‘ஆக்டோபை’ என்பது அவசரக் கற்பனை. ‘ஆம்னிபஸ்’ ஏற்கெனவே பன்மை உருபைத் தாங்கிய சொல், அதை இன்னொரு முறை பன்மையாக்க லத்தீனில் வழியே இல்லை. ‘சிலபஸ்’ இன்னும் வேடிக்கை. பழைய ரோமானிய எழுத்தாளர் சிசரோவின் கடிதங்களில் இருந்த ‘சிட்டிபாஸ்’ என்ற சொல்லை 15ஆம் நூற்றாண்டு அச்சுப் பதிப்புகள் தவறாகப் படித்ததில் பிறந்தது அது. அப்படி ஒரு லத்தீன் சொல்லே இல்லாதபோதும் ‘சிலபை’ என்று பன்மை எழுதும் பேராசிரியர்கள் இன்றும் உண்டு. அகராதிகளும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன.